ட்ரையர் சுத்துது, ஆனா சூடு வரேல்லை: ஒவ்வொரு படியா பாக்கிற முழு வழிகாட்டி

ஜனவரி மாசம் ஸ்காபரோவில ஒரு குடும்பத்தின்ர கிழமை உடுப்பு முழுக்கத் தோச்சுப்போட்டு ட்ரையருக்க போட்டா, ஒரு மணித்தியாலம் சுத்தி முடிஞ்சு கதவைத் திறக்கேக்க துவாய் எல்லாம் போட்ட மாதிரியே ஈரமா, குளிரா கிடக்கும். வெளியில கொடி கட்டிக் காயப்போடவும் ஏலாது, பேஸ்மென்றில கயிறு கட்டிப் போட்டா ரெண்டு நாளில வீடு முழுக்க ஈர மணம். எனக்கு இது நடந்திருக்கு, அக்கா வீட்டில நடந்திருக்கு, தெரிஞ்ச ஆக்கள் கனபேர் வீட்டில நடந்து நான் போய்ப் பாத்திருக்கிறன். அதில கண்ட ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறன்: கனபேர் சூடு வரேல்லை எண்டவுடன ஹீற்றர் எலிமென்ற் போட்டுது எண்டு முடிவெடுத்து ஓடர் பண்ணிடுவினம், நானும் முதல்தரம் அதைத்தான் செய்தன், புது எலிமென்றை மினக்கெட்டுப் பூட்டின பிறகும் சூடு வரேல்லை, கடைசியில பாத்தா பிழை மெயின் பெட்டியில இருந்த பிறேக்கரில. அதால நான் சொல்லுற ஒழுங்கு கரண்ட், பிறகு காத்து, அதுக்குப் பிறகுதான் மெசினைக் கழட்டுறது. இந்த ஒழுங்கை மாத்தாதேங்கோ, காசும் நேரமும் மிச்சமாகும்.

இது கனடா, அமெரிக்காவில வீடுகளில இருக்கிற 240 வோல்ட் எலெக்ட்ரிக் ட்ரையருக்கு மட்டும். உங்கட மெசின் பின்னால ஒரு காஸ் பைப் வந்தா அது காஸ் ட்ரையர், அதுக்கு இந்தக் கதை பொருந்தாது, அதின்ர பேர்னர் பக்கத்தை லைசன்ஸ் உள்ள ஆளிட்டக் குடுங்கோ. வென்ற் இல்லாத ஹீற் பம்ப் ட்ரையரும் வேற சாதி.

ஏன் சுத்துது, ஆனா சூடாகுதில்லை

இதை விளங்கிக்கொண்டா அரைவாசி வேலை முடிஞ்சுது. எங்கட வீட்டுக்கு வாற கரண்ட் ரெண்டு கால்களா வருது, ஒவ்வொண்டும் நடு (நியூட்ரல்) வயரோட பாத்தா 120 வோல்ட், ரெண்டுக்கும் இடையில பாத்தா 240. ட்ரையரின்ர மோட்டர், லைட், டைமர் எல்லாம் ஒரு காலையும் நடு வயரையும் வைச்சு 120இல ஓடும், ஹீற்றருக்கு மட்டும் ரெண்டு காலும் வேணும். அப்ப ஒரு கால் செத்துப்போனா என்ன நடக்கும்? மோட்டர் இருக்கிற கால் உயிரோட இருந்தா ட்ரம் வடிவா சுத்தும், லைட் எரியும், பட்டன் எல்லாம் வேலை செய்யும், சூடு மட்டும் துளியும் வராது. பாக்கிற ஆளுக்கு மெசினுக்குக் கரண்ட் வருகுதுதானே எண்டுதான் தோணும். அரைவாசிக் கரண்ட்தான் வருகுது.

படி 1: செற்றிங்கைப் பாருங்கோ

ஒரு நிமிஷ வேலை. ஏர் ஃப்ளஃப், ஏர் ட்ரை எண்டு ஒரு செற்றிங் இருக்கும், அதில விட்டா சூடில்லாம சும்மா காத்து மட்டும்தான் அடிக்கும், பிள்ளையள் டயலைத் திருப்பிவிட்டிருக்கலாம். ரைம்ட் ட்ரை, ஹை ஹீற் ரெண்டையும் போட்டு அஞ்சு நிமிஷம் வெறுமையா ஓடவிட்டு கதவைத் திறந்து கையை உள்ளுக்க விடுங்கோ. சூடு இருந்தா பிழை ஹீற்றரில இல்லை, நேர படி 3க்குப் போங்கோ. உள்ளுக்க குளிரா இருந்தா படி 2.

படி 2: பிறேக்கரும் சொக்கெற்றும்

மெயின் பெட்டியைத் திறந்தா ட்ரையருக்கு எண்டு ரெண்டு அகலத்துக்கு ஒரு பிறேக்கர் இருக்கும், 30 (அம்பியர்) எண்டு எழுதியிருக்கும். அதில ரெண்டு கைபிடி ஒண்டா இணைச்சிருக்கும். இதில ஒரு பக்கம் மட்டும் உள்ளுக்க விட்டுப்போயும் வெளியால பாக்க ஓன் மாதிரியே நிக்கிறது உண்டு. அதால கண்ணால பாத்து முடிவெடுக்காம, முழுசா ஓஃப் பக்கத்துக்குத் தள்ளி, பிறகு திரும்ப ஓன் பண்ணுங்கோ. மெதுவாத் தட்டினா சிலது பிடிக்காது, உறுதியாத் தள்ளவேணும். அதோட சூடு வந்தா நல்லது, ஆனா ரெண்டு மூண்டு நாளில திரும்ப விழுந்தா பிறேக்கர் கிழடாப் போச்சுது, இல்லாட்டி மெசினுக்க எங்கயோ சோட் இருக்கு.

பழைய ரொறன்ரோ வீடுகளில இன்னும் பியூஸ் பெட்டி இருக்கிறது உண்டு. அதில ட்ரையருக்கு இழுத்து எடுக்கிற ஒரு கட்டை, அதுக்குள்ள ரெண்டு குழாய் பியூஸ் இருக்கும். ஒண்டு எரிஞ்சாலும் இதே கதைதான், சுத்தும், சூடில்லை. ரெண்டையும் எடுத்து மீற்றரில (அடுத்ததாச் சொல்லுறன்) பாருங்கோ, கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கேலாது.

இப்ப மீற்றர். வோல்டையும் ஓமையும் (மின்தடை) அளக்கிற மல்ரிமீற்றர் ஒண்டு வீட்டில இல்லாட்டி வாங்குங்கோ, 20, 30 டொலருக்கு ஓட்டோ ரேஞ்ச் (அளவின்ர வரம்பைத் தானே தெரிவுசெய்யிறது) உள்ளது கிடைக்கும், இந்த வேலைக்கு அது காணும். ட்ரையர் பிளக்கைக் கழட்டிப்போட்டு, மீற்றரை ஏசி வோல்டில வைச்சு சொக்கெற்றுக்குள்ள பாக்கவேணும். நாலு ஓட்டை சொக்கெற் எண்டா நெட்டுக்கு நிக்கிற ரெண்டு நேரான ஓட்டையும் ரெண்டு கால், எல் வடிவத்தில இருக்கிறது நடு, வட்டம் எர்த். அமெரிக்காவில பழைய வீடுகளில மூண்டு ஓட்டை இருக்கும், 1996க்குப் பிறகு அங்க புதுசா வயரிங் செய்யிற வீடுகளுக்கு நாலு ஓட்டைதான் சட்டம். மூண்டு ஓட்டையில சரிவா நிக்கிற ரெண்டும் கால், எல் வடிவம் நடு.

ரெண்டு காலுக்கும் இடையில 240க்குக் கிட்ட காட்டவேணும். ஒவ்வொரு காலுக்கும் நடுவுக்கும் இடையில 120. ஒரு பக்கம் 120, மற்றப்பக்கம் பூச்சியமோ கண்டபடி ஒரு குறைஞ்ச நம்பரோ காட்டினா பிழை வீட்டில, மெசினில இல்லை. இது உயிர்க் கரண்ட், 240 வோல்ட், மீற்றர் கம்பியின்ர உலோகப் பகுதியில விரல் படக்கூடாது, ஈரக்காலோட நிக்கக்கூடாது, பேஸ்மென்ற் நிலம் ஈரம் எண்டா செய்யவே வேண்டாம். பயமா இருந்தா இந்தப் படியை எலெக்ட்ரீசியனிட்ட விடுங்கோ, அதில வெக்கமில்லை.

கொண்டோவில (அடுக்குமாடி வீட்டில) இருக்கிற ஆக்களுக்கு ஒரு விஷயம். பெரிய கட்டிடங்களில ரெண்டு காலுக்கும் இடையில 208 வோல்ட்தான் வாறது உண்டு. அது பழுதில்லை. ஆனா சூடு வோல்டின்ர வர்க்கத்தோட போறதால, 240இல 5400 வாட் தாற எலிமென்ற் 208இல ஏறக்குறைய 4050 வாட்தான் தரும், நாலில ஒரு பங்கு குறைவு. தனி வீட்டில இருந்து கொண்டோவுக்கு மாறின ஆக்கள் மெசின் சரியில்லை எண்டு சொல்லுறதுக்கு சிலவேளை இதுதான் காரணம்.

பிளக்கையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ. கத்தி மாதிரி இருக்கிற கால்களில ஒண்டு கறுத்து, பக்கத்தில பிளாஸ்டிக் உருகி, மண்ணிறமாய் இருந்தா அங்க தொடுப்பு லூசாகி எரிஞ்சிருக்கு. சொக்கெற்றையும் கேபிளையும் ரெண்டையும் மாத்தவேணும், ஒண்டை மட்டும் மாத்தினா எரிஞ்சது புதுசையும் எரிக்கும். பெட்டி, சொக்கெற், சுவருக்குள்ள போற வயர் எல்லாம் ஒன்ராறியோவில லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கொன்ராக்டர் செய்யிற வேலை, எலெக்ட்ரிக்கல் சேஃப்ரி ஒதோரிற்றிக்கு அறிவிக்கவும் வேணும். முக்கியமா, பிறேக்கர் அடிக்கடி விழுகுது எண்டு 30 எடுத்துப்போட்டு 40 போடாதேங்கோ, ஆரும் கைதெரிஞ்ச அண்ணை செய்து தாறன் எண்டாலும் விடாதேங்கோ. உள்ள வயர் 30க்குத்தான் அளவு, 40 போட்டா பிறேக்கர் விழாது, சுவருக்குள்ள வயர் சூடாகும்.

படி 3: காத்து போற வழி

ஆக்கள் விட்டுட்டுப் போற படி இது, நான் ஆகலும் கூட நேரம் செலவழிக்கிறதும் இதில. ட்ரையரின்ர வேலை அரைவாசி சூடாக்கிறது, அரைவாசி ஈரக்காத்தை வெளியால தள்ளுறது. போற வழி அடைச்சா ஈரம் உள்ளுக்கயே நிக்கும், உடுப்புக் காயாது, ஹீற்றர் பெட்டி அளவுக்கு மிஞ்சிச் சூடாகி அதைக் காப்பாத்திற பியூஸ் எரியும். அப்ப நீங்கள் பியூசை மாத்துறீங்கள், ரெண்டு கிழமையில திரும்பப் போகுது, மெசின் கூடாது எண்டு புதுசு வாங்குறீங்கள், அந்தப் புதுசும் அதே அடைச்ச பைப்பில. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை உள்ள தரவை வைச்சுச் சொன்ன கணக்கில, அங்க வீடுகளில வருஷத்துக்கு 2,900 ட்ரையர் தீ, அதில முன்னணிக் காரணம் துப்புரவாக்காம விட்டது. அதால இதைச் சூட்டுப் பிரச்சினையா மட்டும் பாக்காதேங்கோ.

லின்ற் வலையை, அதாவது உடுப்பில இருந்து வாற பஞ்சைப் பிடிக்கிற வலையை, எடுத்துத் தண்ணிக்குப் பிடியுங்கோ. தண்ணி கீழ போகாம மேலயே தேங்கி நிண்டா வலையில மெழுகு மாதிரிப் படை பிடிச்சிருக்கு, வாசத்துக்குப் போடுற ட்ரையர் சீற்றால வாறது அது. சுடுதண்ணி, பாத்திரம் கழுவுற சோப், பழைய பல்லுத்தூரிகை, காணும்.

பிறகு வெளியால போய் சுவரில இருக்கிற மூடியைப் பாருங்கோ, மெசின் ஓடிக்கொண்டிருக்கேக்க. தட்டு நல்லாத் திறந்து நிக்கவேணும், கையில காத்து பலமா அடிக்கவேணும். விண்டரில அந்தத் தட்டு ஐஸ் பிடிச்சு ஒட்டிப்போறது உண்டு, வசந்தத்தில குருவி கூடு கட்டுறது உண்டு. ஒருக்கா ஒரு வீட்டில நான் ஒரு பெரிய பை நிறைய வைக்கோலும் இறகும் எடுத்திருக்கிறன், அந்த வீட்டு ஆக்கள் அஞ்சு மாசமா ஒரு தடவை தோச்சதை ரெண்டு தடவை காயவிட்டுக் கரண்ட் பில் கட்டியிருக்கினம்.

இப்ப ஒரு நல்ல சோதினை. மெசினை முன்னுக்கு இழுத்து பின்னால இருக்கிற 4 இஞ்சிப் பைப்பைக் கழட்டிப்போட்டு ஈர உடுப்போட ஒரு பத்து நிமிஷம் ஓடவிடுங்கோ, எலெக்ட்ரிக் மெசின் எண்டபடியா செய்யலாம், காஸ் மெசினில இதை ஒருநாளும் செய்யாதேங்கோ, காபன் மொனொக்சைட் வீட்டுக்குள்ள வரும். பைப் இல்லாம நல்ல சூடும் காத்தும் வந்து, பைப் பூட்டினா வராட்டி, பிழை பைப்பில. வெள்ளை பிளாஸ்டிக் பைப் இருந்தா கையோட குப்பையில போடுங்கோ, அது எரியக்கூடியது. மெல்லிய ஃபொயில் பைப்பும் மடிப்பில பஞ்சு பிடிக்கும். உருட்டுத் தகரப் பைப்தான் சரி, மூட்டுக்கு ஸ்குறூ அடிச்சா முனை உள்ளுக்க நீட்டிப் பஞ்சைப் பிடிக்கும், அதால உலோக ரேப் ஒட்டுங்கோ. நீளமும் கணக்கு: அமெரிக்க வீட்டுக் கட்டிடச் சட்டம் 35 அடி எண்டு சொல்லுது, ஒவ்வொரு 90 பாகை முழங்கைக்கும் 5 அடி கழிக்கவேணும். பேஸ்மென்றில இருந்து நாலு முழங்கை போட்டு மற்றப்பக்கச் சுவருக்குக் கொண்டுபோன வீடுகள் நிறைய, அங்க மிச்சம் 15 அடிதான்.

படி 4: மெசினைத் திறக்கிறது

இப்பதான் ஸ்குறூ ட்ரைவர். பிளக்கைச் சொக்கெற்றில இருந்து கழட்டி உங்கட கண்ணுக்கு முன்னால வையுங்கோ, பிறேக்கரை மட்டும் நம்பாதேங்கோ. கையுறை போடுங்கோ, உள்ளுக்க தகரம் கத்தி மாதிரி இருக்கும். கழட்ட முன்னம் ஒவ்வொரு வயரையும் போனில படம் எடுங்கோ.

கதவுச் சட்டத்தில மாடல் நம்பர் ஸ்ரிக்கர் இருக்கும், பாட்ஸ் வாங்க அதுதான் வேணும், மெசின்ர பேர் காணாது. அதோட உள்ளுக்க, மேல கட்டுப்பாட்டுப் பனலுக்குள்ளயோ கீழ்ப் பனலுக்குப் பின்னாலயோ, மடிச்ச ஒரு தாள் இருக்கும், வயரிங் படம் அதில. கிழிக்காம எடுங்கோ.

ஹீற்றர் எங்க எண்டது மெசினைப் பொறுத்தது. வேர்ள்பூல் குடும்பத்து மெசின்களில லின்ற் வலை மேல தட்டில இருந்தா, பின் தகரத்தைக் கழட்டின உடன வலப்பக்கத்தில நெட்டுக்கு ஒரு தகரப்பெட்டி தெரியும், கால் இஞ்சி நட் ட்ரைவர் காணும், தொடங்கிற ஆளுக்கு இதுதான் லேசு. வலை கதவடியில இருந்தா ஹீற்றர் ட்ரம்முக்குக் கீழ கிடக்கும், முன்பக்கத்தால போகவேணும், பொறுமை வேணும்.

திறந்த உடன மீற்றரைத் தூக்க முன்னம் முதல்ல கேபிள் வந்து பூட்டுற இடத்தைப் பாருங்கோ. மூண்டு வயர் பூட்டுற அந்தக் கட்டையில ஒண்டு கறுத்திருந்தா, சூடு இல்லாததுக்குக் காரணம் அதுவாவே இருக்கலாம். கட்டையையும் கேபிளையும் மாத்தி, ஸ்குறூவை இறுக்கமாப் பூட்டுங்கோ.

படி 5: சங்கிலியில ஒவ்வொரு கண்ணியா

ஹீற்றருக்குப் போற கரண்ட் ஒரு சங்கிலி மாதிரி. டைமர் அல்லது போர்ட் (மெசினைக் கட்டுப்படுத்திற எலெக்ட்ரோனிக் பலகை), சூட்டை ஏத்தி இறக்கிற தேர்மோஸ்ராற், ஹீற்றர் பெட்டியில இருக்கிற ஹை லிமிற் தேர்மோஸ்ராற் (சூடு மிஞ்சினா நிப்பாட்டிறது), அதுக்குப் பக்கத்தில தேர்மல் கட் ஓஃப் (முந்திச் சொன்ன, ஹீற்றரைக் காப்பாத்திற பியூஸ்), எலிமென்ற், கடைசியா மோட்டருக்க இருக்கிற ஒரு சுவிச். ஒண்டு விட்டாலும் சூடில்லை. எதைப் பாக்கேக்கயும் அதில இருந்து ஒரு வயரையாவது கழட்டிப்போட்டுத்தான் பாக்கவேணும், இல்லாட்டி மீற்றர் வேற வழியாச் சுத்திவந்து பிழையான நம்பரைக் காட்டும்.

எலிமென்ற்: மீற்றரை ஓமுக்குத் திருப்பி ரெண்டு முனையிலயும் வைச்சா 8 இல இருந்து 12 ஓமுக்குள்ள காட்டவேணும். 240 வோல்ட், 5400 வாட் எண்டா கணக்குப்படி 10.7 ஓம். மீற்றர் ஒண்டும் காட்டாட்டி கம்பி அறுந்திருக்கு, மாத்துங்கோ. பிறகு ஒரு முனையில ஒரு கம்பி, தகரப்பெட்டியில மற்றக் கம்பி வைச்சுப் பாருங்கோ, அங்க தொடுப்பு இருக்கவே கூடாது. சுருள் தொய்ஞ்சு தகரத்தில முட்டினா கரண்ட் எர்த்துக்குப் போகும், மெசினை நிப்பாட்டின பிறகும் ஹீற்றர் சூடாகிக்கொண்டு இருக்கக்கூடும், இது ஆபத்தானது, அப்பிடிக் கண்டா எலிமென்றை மாத்துறவரைக்கும் பிளக்கைப் பூட்டாதேங்கோ.

தேர்மல் கட் ஓஃப்: அறை வெப்பத்தில ஏறக்குறைய 0 ஓம். திறந்திருந்தா எரிஞ்சுபோச்சு, திரும்ப வராது. இதையும் ஹை லிமிற்றையும் சேத்து ஒரு செற்றா விப்பினம், ரெண்டையும் சேத்தே மாத்துங்கோ. கட் ஓஃப் எரிஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கு, அது அடைச்ச பைப்பா, கிழிஞ்ச வலையா, தகரத்தில முட்டுற எலிமென்றா எண்டு கண்டுபிடிக்காம புதுசைப் பூட்டாதேங்கோ. சிலபேர் அதை எடுத்துப்போட்டு ரெண்டு வயரையும் நேர முறுக்கிவிடுவினம், சூடு வரும், உண்மைதான், ஆனா பிள்ளையள் மேல படுத்திருக்கேக்க கீழ பஞ்சு நிறைஞ்ச பெட்டியில சூட்டை நிப்பாட்ட ஒண்டுமே இல்லாத நிலைமை அது. தயவுசெய்து செய்யாதேங்கோ, ஒரு ராத்திரிக்குக்கூட வேண்டாம்.

காத்தாடிக் கூட்டில வெள்ளையா இன்னொரு சின்ன தேர்மல் பியூஸ் இருக்கும். சில மெசினில அது போனா மோட்டரே ஓடாது, சிலதில சூடு மட்டும் போகும், வயரிங் படத்தைப் பாத்தா தெரியும்.

சூட்டை ஏத்தி இறக்கிற தேர்மோஸ்ராற்றில சிலவேளை நாலு கால் இருக்கும். பெரிய ரெண்டுக்கும் இடையில 0 ஓம் கிட்ட, சின்ன ரெண்டுக்கும் இடையில ஆயிரக்கணக்கான ஓம், அது பழுதில்லை, அதுக்குள்ள ஒரு குட்டி ஹீற்றர் இருக்கு. புது மெசின்களில இதுக்குப் பதிலா தேர்மிஸ்ரர் (சூட்டுக்கேத்த மாதிரி ஓம் மாறுற சென்சர்), பல மாடல்களில 25 பாகை செல்சியஸில 10,000 ஓம் அளவு.

இது எல்லாம் சரியா இருந்து இன்னும் சூடு வராட்டி மிச்சம் ரெண்டு. மோட்டர் வேகம் பிடிச்ச பிறகுதான் அதுக்குள்ள இருக்கிற சுவிச் ஹீற்றருக்கு வழி விடும், அந்த முனைகள் தேஞ்சு கருகிப்போனா மோட்டர் ஓடும், சூடு வராது. இல்லாட்டி டைமரில அல்லது போர்டில ஹீற்றருக்கான ரிலே (கரண்டால இயங்கிற சுவிச்), போர்டைக் கழட்டிப் பின்பக்கம் பாத்தா ஈயம் ஒட்டின இடத்தில மண்ணிற வளையம் தெரியும். இந்த ரெண்டும் விலை கூட, அதோட மெசின் ஓடிக்கொண்டிருக்க உள்ளுக்க வோல்ட் பாக்கவேண்டி வரும், அதை நான் ஆருக்கும் சொல்லிக்குடுக்க மாட்டன். மெசினுக்குப் பன்ரண்டு வயசுக்கு மேல, போர்ட் போயிருந்தா நான் புதுசு வாங்குவன். பழைய டயல் மெசின், எலிமென்றோ கட் ஓஃப்போ மட்டும் எண்டா எத்தினை வயசானாலும் திருத்துவன், அதுகள் சிம்பிளான மெசின், வடிவா உழைக்கும்.

பூட்டின பிறகு

உள்ளுக்க இருக்கிற பஞ்சை வக்யூமால இழுத்துப்போட்டுப் பூட்டுங்கோ, முக்கியமா ஹீற்றர் பெட்டியைச் சுத்தி. ஹை ஹீற்றில ஈரத்துவாய் நாலைஞ்சு போட்டு ஓடவிட்டு, வெளி மூடியில சமையலுக்குப் பாவிக்கிற தேர்மோமீற்றரைப் பிடிச்சா உடுப்புக் காயக்காய சூடு ஏறி, 130 இல இருந்து 160 பாகை பரன்ஹீற் அளவில ஏறி இறங்கிக்கொண்டு நிக்கும். அரை மணித்தியாலம் ஓடின பிறகு பிளக்கின்ர பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கோ, இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்கேலாத சூடெண்டா நிப்பாட்டி சொக்கெற்றை மாத்துங்கோ. மெசினைச் சுவரோட தள்ளேக்க பைப்பை நசிக்காதேங்கோ, தள்ளிப்போட்டு வெளியால போய் தட்டு முந்தி மாதிரித் திறக்குதோ எண்டு பாத்துட்டு வாங்கோ. அந்த வயரிங் தாளை எடுத்த இடத்திலயே மடிச்சு வையுங்கோ.